இரண்டாம் வருஷமும் கசியாத மூடி

பிளாஸ்க் மூடிகளுக்கு டிராயிங் போடும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



நீங்கள் போடும் டிராயிங்குகள் என் மேசைக்கு வருகின்றன. கோவையில் சின்னதாக ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். பிளாஸ்க்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் டிபன் கேரியருக்கும் சிலிகான் வாஷர் அடித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. மூடியின் மேல்புறம் எவ்வளவு பளபளக்க வேண்டும், லோகோ எந்த ஆழத்தில் பதிய வேண்டும், நிறம் எந்த ஷேடு என்றெல்லாம் இரண்டு தாள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். வாஷர் என்று வரும்போது மட்டும் ஒரே வரி: ‘சிலிகான், உணவுத் தரம், 50 ஷோர் ஏ.’ அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு லிட்டர் கொதிக்கிற டீயை யாரோ ஒருவர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறார்.

அந்த வரியை நீங்கள் ஒரு பக்கமாக விரித்து எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். புது மூடி கசியாமல் இருப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கடையில் வாங்கிய அன்று எந்த மூடியும் நன்றாகத்தான் மூடும். தினம் இரண்டு வேளை கொதிநிலைக்குப் பக்கத்தில் வெந்து, பால் படிந்து, நாலைந்து முறை கீழே விழுந்து, அவசரத்தில் கோணலாகத் திருகப்பட்டு, இத்தனைக்கும் பிறகு இரண்டாம் வருஷத்திலும் கசியாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் டிராயிங்கில் இருக்க வேண்டும். இப்போது இல்லை.

பிளாஸ்க் எங்கே புழங்குகிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் விடியற்காலையில் டீக்கடை முன்னால் ஒயர் கூடையும் பிளாஸ்க்குமாக ஆட்கள் நிற்பார்கள். உள்ளே வார்டில் அம்மாவோ கணவரோ படுத்திருப்பார். ‘அண்ணே, அஞ்சு டீ பிளாஸ்க்ல ஊத்துங்க’ என்றதும், மாஸ்டர் கொதியிலிருந்து எடுத்து ஆற்றாமல் கழுத்துவரை ஊற்றிக் கொடுப்பார். வாங்கியவர் ஒரு கையில் சில்லறையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் மூடியைத் திருகுவார். அந்த மூடி முழுசாக இறுகியிருக்காது. கூடையில் பிளாஸ்க் படுத்தவாக்கில் கிடக்கும். கூடவே பன், மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் உள்ளே டீ குலுங்கும். நம் மூடிக்கு நிஜமான பரீட்சை அங்கேதான் நடக்கிறது.

நீங்கள் செய்கிற பரீட்சையை நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து, பத்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்க்கிறீர்கள். பேப்பர் காய்ந்திருந்தால் பாஸ். அந்தச் சோதனை வெந்நீரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. 90 டிகிரியில் தண்ணீரின் பிசுக்குமை அறை வெப்பத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. பரப்பு இழுவிசையும் குறைகிறது. பச்சைத் தண்ணீர் நுழையத் தயங்கும் இடுக்கில் வெந்நீர் தாராளமாக ஓடும். அதனால்தான், ‘நாங்கள் டெஸ்ட் பண்ணினோமே, ஒரு சொட்டு வரவில்லையே’ என்று நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கிறது, ‘பையெல்லாம் நனைந்துவிட்டது’ என்று வாங்கியவர் சொல்வதும் உண்மையாக இருக்கிறது.

அடுத்தது அழுத்தம். பிளாஸ்க்குக்குள் டீக்கும் மூடிக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இருக்கும். மூடிய கணத்தில் அது முழுதாகச் சூடேறியிருக்காது. குலுக்கியதும் சூடான திரவம் அந்தக் காற்றோடு கலந்து, அதை ஒரே மூச்சில் சூடாக்கி, நீராவியாலும் நிரப்பிவிடுகிறது. 80 டிகிரியில் நீராவியின் அழுத்தம் மட்டுமே சுமார் 47 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் கிட்டத்தட்ட பாதி. 25 டிகிரியில் இருந்த காற்று 80-க்குப் போனால் அதுவும் விரிய முயன்று இன்னொரு 19 கிலோபாஸ்கல் சேர்க்கும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூடியின் அடிப்புறத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு கிலோ எடைக்கு மேல் உள்ளிருந்து தள்ளுகிறது. ஊற்றும்போதே ஆவி கொஞ்சம் காற்றை வெளியேற்றிவிடும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் டிசைன் செய்கிறவர் உச்சக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். குலுக்கினால் மட்டும் கசிகிறது, சும்மா வைத்தால் கசியவில்லை என்று புகார் வந்தால் காரணம் இதுதான்.

ஆறும்போது கதை தலைகீழாகிறது. உள்ளே நீராவி நீராகி ஓரளவு வெற்றிடம் உண்டாகும். மூடி உள்ளே இழுபடும். காலையில் போட்ட பிளாஸ்க்கை மாலையில் திறக்க முடியாமல் பாட்டி பேரனைக் கூப்பிடுவது அதனால்தான். ஆக, உங்கள் வாஷர் ஒரே நாளில் வெளியே தள்ளும் அழுத்தத்தையும் உள்ளே இழுக்கும் அழுத்தத்தையும் பார்க்கிறது. இரண்டு திசையையும் யோசிக்காத சீல் போதாது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் பால் ஊற்றி மூடிய பிளாஸ்க்கை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் திறந்தால், சில நேரம் ‘புஸ்’ என்று சீறிக்கொண்டு பால் வெளியே வரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மலையடிவாரத்தில் சமமாக இருந்த அழுத்தம், மலையேறியதும் உள்ளிருந்து தள்ளும் அழுத்தமாக மாறிவிடுகிறது. கைக்குழந்தைக்குப் பால் கொண்டுபோகிற தாய்தான் அந்த மூடியைத் திறக்கிறார். மூடியைத் திறக்கும் கணத்தையும் டிசைன் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அவரை நினைத்துத்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், பிளாஸ்க் பிறந்தபோது அதற்கு இறுக்கமான மூடியே கிடையாது. 1892-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவையைச் செய்தது டீக்காக அல்ல, திரவமாக்கிய வாயுக்களைக் காப்பாற்ற. திரவக் காற்று ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை அடைத்து மூடினால் குடுவை வெடிக்கும். எனவே வாயைத் தளர்வாகத்தான் வைக்க வேண்டும். பெர்லினில் ரைன்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடிக் கலைஞர் அதற்கு உலோகக் கூடு போட்டு, வீட்டில் புழங்கும் பொருளாக்கி 1903-ல் காப்புரிமை எடுத்தார். அடுத்த வருஷம் தெர்மாஸ் என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. அப்போதுதான் இந்த வாயை எதைக் கொண்டு அடைப்பது என்ற கேள்வி எழுந்தது. பல காலம் தக்கைதான் பதிலாக இருந்தது. 1913-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி முழுக்க எஃகிலேயே வெற்றிடக் குடுவை செய்தார். சுவர் வழியாகச் சூடு போவதை 130 வருஷத்துக்கு முன்பே ஒரு விஞ்ஞானி தீர்த்துவிட்டார். இன்றும் சூடு பெரும்பாலும் தப்பிப்பது கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான். டீ தப்பிப்பதும் அந்த வழியாகத்தான். டூவர் நமக்கு விட்டுவைத்த வேலை இது ஒன்றுதான்.

இதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தகவல்கள். 2024 டிசம்பரில் ஸ்டான்லி நிறுவனம் அந்த நாட்டில் விற்ற சுமார் 26 லட்சம் பயணக் குவளைகளைத் திரும்பப் பெற்றது. சூட்டிலும் திருகலிலும் மூடியின் மரை சுருங்கி, குடித்துக்கொண்டிருக்கும்போதே மூடி கழன்றுவிடும் என்பது காரணம். உலக அளவில் 38 பேருக்குச் சூட்டுக் காயம் ஏற்பட்டதாகப் பதிவானது. 2025 ஜூலையில் வால்மார்ட் தன் ஓசார்க் டிரெயில் பாட்டில்களில் சுமார் எட்டரை லட்சத்தைத் திரும்பப் பெற்றது. அங்கே பிரச்சினை நேர் எதிர். கெட்டுப்போகக்கூடிய பானத்தையோ வாயு கலந்த பானத்தையோ நெடுநேரம் வைத்திருந்து திறக்கும்போது மூடி பலமாகத் தெறித்தது. கண்ணில் அடிபட்டு இரண்டு பேர் நிரந்தரமாகப் பார்வை இழந்தார்கள்.

ஒன்று பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டது, இன்னொன்று விட வேண்டிய நேரத்தில் பிடித்தது. இரண்டுமே மூடிக் கோளாறுதான். நம் ஊரில் பிளாஸ்க்கில் வெறும் டீ மட்டுமா போகிறது? மோர், பழச்சாறு, நோயாளிக்குக் கஞ்சி எல்லாம் போகிறது. குளிர் ஊர்களில் பால் உறைய ஊற்றிவைப்பவர்களும் உண்டு. மறந்துபோய் இரண்டு நாள் கிடந்தால் உள்ளே புளித்து வாயு கட்டும். ‘பிளாஸ்க்கில் இதையெல்லாம் வைக்கக் கூடாது’ என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. அந்த அட்டை அன்றைக்கே குப்பைக்குப் போய்விடுகிறது.

இதற்குத் தீர்வு ஏற்கனவே எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு சோடா பாட்டிலை எடுத்து அதன் கழுத்து மரையைப் பாருங்கள். மரை தொடர்ச்சியாக ஓடாது. குறுக்கே செங்குத்தாகச் சில இடங்களில் வெட்டு இருக்கும். மூடியைக் கால் திருகு திருகியதும் சீல் விலகி, வாயு அந்த வெட்டுகள் வழியாக வெளியேறும். அதுவரை மீதி மரை மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிளாஸ்க் மூடிக்கும் இதே வரிசை வேண்டும். முதலில் சீல் விட வேண்டும், பிறகு அழுத்தம் போக வேண்டும், கடைசியில்தான் மரை விட வேண்டும். சீல் விட்ட பிறகும் குறைந்தது ஒரு முழுச் சுற்று மரை பிடித்திருக்குமாறு வையுங்கள். அரைத் திருகில் திறக்கிற மூடி கடையில் காட்டும்போது அழகாக இருக்கும். ஆவி அடங்க அது நேரம் தராது.

இப்போது நான் தினமும் கையில் பிடிக்கிற பொருளுக்கு வருகிறேன்.

சீல் எங்கே உட்கார வேண்டும்? பல டிராயிங்கில் வாஷர் கழுத்தின் மேல் விளிம்பில் படுகிறது. மரை கழுத்தின் உட்புறம் இருந்தால் அது முழுவதும் திரவத்தின் பக்கத்தில் இருக்கிறது. கவிழ்ந்தால் டீ மரைக்குள் ஏறி அங்கேயே தங்கும். திறக்கும்போது அது வழிந்து கையைச் சுடும். தங்கிய பால் மரைச் சுற்றுகளில் காய்ந்து, மறுநாள் மூடி முழுதாக இறங்காமல் தடுக்கும். சீலைக் கீழே கொண்டுபோய், கழுத்தின் உட்புற மேடையில் உட்காரவையுங்கள். மரை மேலே காய்ந்த பக்கத்தில் இருக்கட்டும். கழுத்துக்கு உள்ளே ‘இதுவரை ஊற்று’ என்று ஒரு கோடும் போடுங்கள். விளிம்புவரை ஊற்றி மூடியை இறக்கினால், மூடியின் அடிப்பகுதி அத்தனை டீயையும் மேலே பிதுக்கித் தள்ளும். வாங்கியவருக்கு அதுவும் கசிவுதான். அவர் சொல்வது நியாயம்.

அளவுக் கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலான கசிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. உங்கள் டிராயிங்கில் வாஷரின் தடிமன் 2 மில்லிமீட்டர். அதை 20 சதவீதம் அமுக்கினால் சீல் பிடிக்கும் என்று வைத்திருக்கிறீர்கள். அதாவது 0.4 மில்லிமீட்டர் அமுக்கம். எஃகுக் கழுத்தின் அளவு ஒன்றுக்கொன்று 0.15 மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். பாலிபுரொப்பிலீன் மூடியும் அப்படியே. அது மோல்டிலிருந்து வந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சுருங்குகிற பிளாஸ்டிக். சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, வட்டம் லேசாக முட்டை வடிவமாகும். எங்கள் வாஷருக்கும் 0.1 சலுகை தேவை. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் 0.15, 0.15, 0.1 என மொத்தம் 0.4. உங்கள் அமுக்கம் முழுவதும் காணாமல் போய்விட்டது! அந்த மூடி வாஷரைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். பச்சைத் தண்ணீர் டெஸ்டில் அதுவும் பாஸாகிவிடும்.

அதற்காக வாஷரைத் தடிமனாக்கி இன்னும் அமுக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறையாது. அது வேறு இடத்துக்கு நகரத்தான் செய்யும். வாஷர் உட்காரும் காடியில் அதற்கு இடம் விடாவிட்டால் மூடி இறுகாது, அல்லது வாஷர் பிதுங்கி வெளியே வரும். சூட்டில் சிலிகான் நன்றாகவே விரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காடியை 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள்.

என் சிபாரிசு லிப் சீல். தட்டையான வாஷரை நசுக்குவதற்குப் பதிலாக, மெல்லிய நாக்கு ஒன்றை வளைய விடுங்கள். 0.4 மில்லிமீட்டர் நசுங்கத் திணறுகிற ரப்பர் ஒரு மில்லிமீட்டர் அலட்டாமல் வளையும். கழுத்து லேசாக நெளிந்திருந்தாலும், முட்டை வடிவமாக இருந்தாலும் நாக்கு அதன்கூடவே போகும். நாக்கைத் திரவத்தின் பக்கம் சாய்த்துவைத்தால், உள்ளே அழுத்தம் ஏற ஏற அதுவே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு உள்ளே இழுபடும்போது அதே நாக்கு லேசாக விலகிக் காற்றை உள்ளே விடும். பாட்டிக்குப் பேரன் தேவைப்படாது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய வலுவும் குறையும். மூட்டுவலிக்காரர் கையால் மூடினாலும் மூடிக்கொள்ளும். லிப் படும் இடத்தில் மட்டும் மோல்டின் இணைப்புக் கோடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமுடி அளவு பிசிறு அங்கே இருந்தால் டீ அந்தப் பிசிறோரமாகத்தான் வரும். மூடி அடிக்கிறவரிடமும், வாஷர் அடிக்கிற எங்களிடமும் ‘இந்த வளையத்துக்குள் பிசிறு கூடாது, கேட் கூடாது’ என்று டிராயிங்கிலேயே குறித்துக் கொடுங்கள். குறிக்காவிட்டால் மோல்டுக்காரர் தனக்கு வசதியான இடத்தில்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருவோம். ‘சிலிகான், உணவுத் தரம், 50 ஷோர் ஏ.’ ஷோர் என்பது கடினத்தின் அளவு. இன்று எவ்வளவு கடினம் என்பதை மட்டும் அது சொல்லும். அடுத்த வருஷத்தைப் பற்றிச் சொல்கிற அளவு வேறு. அது கம்ப்ரெஷன் செட். ரப்பர் துண்டைக் கால் பங்கு அமுக்கி, குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட மணி நேரம் வைத்து, எடுத்து ஆறவிட்டு அளப்பார்கள். அமுக்கியதில் எத்தனை சதவீதம் திரும்பி எழாமல் அமுங்கியே நின்றுவிட்டது என்பதுதான் அந்த எண். திரும்பி எழுகிற குணம்தான் சீல். அது போனால் ஷோர் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

பழைய பிளாஸ்க் ஒன்றின் மூடியிலிருந்து வாஷரைக் கழற்றி பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். புதிதில் அதன் முகம் உருண்டையாக இருந்திருக்கும். இப்போது கழுத்து விளிம்பின் தடம் அதில் வாய்க்கால் மாதிரி பதிந்து, முகம் சதுரமாகியிருக்கும். விரலால் நீவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் இன்னொரு பக்கம் லேசாகப் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மூடியில் இருந்த வாஷரில் எந்தப் பக்கம் அதிகம் தட்டையாகியிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் மூடி கோணி இறுகியிருக்கிறது. கசிவு வந்தது எதிர்ப்பக்கத்தில். இதைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டாம், நல்ல வெளிச்சம் இருந்தால் போதும்.

ஆகவே எழுதுங்கள்: எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை சதவீதத்துக்குள் செட் இருக்க வேண்டும் என்று. கூடவே ‘போஸ்ட் க்யூர் கட்டாயம்’ என்றும் எழுதுங்கள். மோல்டிலிருந்து வந்த சிலிகானை 200 டிகிரி அடுப்பில் நாலு மணி நேரம் வைத்து எடுப்பது வழக்கம். வல்கனைசேஷனில் மிச்சமான ஆவியாகும் பொருட்கள் அப்போதுதான் வெளியேறும், செட்டும் குறையும். விலை குறைக்கச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த நாலு மணி நேரத்தில்தான். கரண்ட் செலவு, ஆள் செலவு, அடுப்பில் இடம் என எல்லாம் மிச்சம். வாஷரைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முதல் டீயில் மருந்து வாடை அடிக்கும்போதும், ஆறாம் மாசம் கசியும்போதும்தான் தெரியும். ‘அந்த ஸ்டெப் இல்லாம ரேட் போடுங்க’ என்று என்னிடம் கேட்ட கம்பெனிகள் உண்டு. அவர்களுக்கு நான் வாஷர் அடிப்பதில்லை.

வேறு ரப்பர் போடலாமா என்று கேட்பீர்கள். இயற்கை ரப்பர் இந்தச் சூட்டில் சீக்கிரம் படிந்துபோய் வெடிக்கும். இ.பி.டி.எம் ஆவியைத் தாங்கும், ஆனால் கொழுப்பு பட்டால் ஊதும். பால் ஊற்றும் நாட்டில் அது சரிப்படாது. சிலிகானிலும் குறை உண்டு, மணத்தைக் குடித்துக்கொள்ளும். சுக்குக் காப்பி ஊற்றிய பிளாஸ்க்கில் மறுநாள் பால் ஊற்றினால் பாலும் சுக்கு மணக்கும். தவிர நகம் பட்டால் கிழிகிற குணமும் அதற்கு உண்டு. இருந்தாலும் இன்றைக்கு இதைவிட நல்லது நம் விலையில் இல்லை.

கிழியும் என்பதால்தான் கழற்றுவதை யோசித்து டிசைன் செய்ய வேண்டும். பால் டீ ஊற்றும் பிளாஸ்க்கில் வாஷரைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். காடிக்குள் பால் போய் உட்கார்ந்தால் இரண்டே நாளில் வாடை, ஒரு மாசத்தில் கரும்பூஞ்சை. கழற்ற ஊசியோ கத்தியோ தேவைப்படுகிற வாஷரை யாரும் கழற்றமாட்டார்கள், கழற்றினால் கிழிப்பார்கள். விரல் நுனி நுழைய ஒரு சின்ன வெட்டு, பிடித்து இழுக்க வாஷரிலேயே ஒரு காது. இவ்வளவுதான் கேட்கிறேன். திருப்பிப் போட்டால் உட்காரவே முடியாத வடிவம் வேண்டும். லிப் சீலைத் தலைகீழாகப் போட்டால் நிச்சயம் கசியும், போட்டவருக்கு ஏன் என்று புரியாது. வாஷரின் நிறம் மூடியின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட்டிருக்கட்டும். கழுவிய பிறகு போட மறந்தால் பார்த்ததும் தெரிய வேண்டும். கறுப்பு மட்டும் வேண்டாம், அது பூஞ்சையை மறைத்துவிடும்.

மூடியின் உள்ளே சூடு காக்க வெற்றிடமோ நுரையோ வைக்கிறீர்களே, அந்த இரண்டு பாதிகளை ஒட்டும் வெல்டும் ஒரு சீல்தான். வாங்கிக் கொஞ்ச நாளான மூடியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் வெல்டு விட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியே வரவே வராது. எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. வெந்நீரில் முக்கி வைத்தால் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு லாட்டிலும் பாருங்கள்.

பட்டன் அமுக்கினால் ஊற்றும் மூடி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மூடியைக் கழற்றாமலே ஊற்றலாம் என்பதால் சூடு நிற்கும், அது உண்மை. ஆனால் ஒரு சீல் இருந்த இடத்தில் மூன்று வந்துவிடுகின்றன. ஸ்பிரிங்குக்கு அடியில் பால் தேங்குகிறது, கஞ்சியின் ஒரு பருக்கை வால்வில் மாட்டினால் மூடுவதே இல்லை. கருவி இல்லாமல் கையாலேயே முழுசாகப் பிரித்துக் கழுவ முடியும் என்றால் போடுங்கள். இல்லையென்றால் வெந்நீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு 2023-ல் வீட்டு உபயோகப் பிளாஸ்க், பாட்டில்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவு கொண்டுவந்தது நல்ல காரியம். தர முத்திரை இல்லாத சரக்கு குறையும். ஆனால் முத்திரை என்பது வாசற்படி. அதைத் தாண்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் மூடிக்கு நீங்களே ஒரு சோதனை எழுதுங்கள். கொதிநீர் ஊற்றி மூடி, குலுக்கி, படுக்கவைத்து, ஆறவிட்டு, திறந்து, மறுபடி கொதிநீர் ஊற்றுங்கள். தினமும், மாசக்கணக்கில். நடுநடுவே பால் டீ ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து மூடி கீழே படும்படி போடுங்கள். உங்கள் ஆபீஸில் வேலை செய்யும் வயதான அம்மாவிடம் கொடுத்து மூடச் சொல்லுங்கள், அவர் மூடிய இறுக்கத்திலேயே கவிழ்த்துப் பாருங்கள். கம்பெனியிலேயே பலசாலியான பையன் மூடிய மூடியை வைத்து டெஸ்ட் செய்யாதீர்கள்.

இன்னும் ஒரு கோரிக்கை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. குக்கர் கேஸ்கட் போய்விட்டால் நம் வீட்டில் என்ன செய்கிறோம்? தெருமுனைப் பாத்திரக்கடைக்குப் போய் கம்பெனி பெயரும் லிட்டரும் சொன்னால், ஆணியில் மாலை மாலையாகத் தொங்குவதில் ஒன்றை எடுத்துத் தருவார். குக்கர் இருபது வருஷம் உழைப்பதற்கு அந்த ஆணியும் ஒரு காரணம். பிளாஸ்க் வாஷரை எந்தக் கடையில் கேட்க முடியும்? உடம்பில் ஒரு கீறல் இல்லாத, வெற்றிடம் அப்படியே இருக்கிற எஃகு பிளாஸ்க்குகள், சில ரூபாய் ரப்பர் வளையம் இல்லாததால் பரணுக்கும் பழைய இரும்புக்கும் போகின்றன. ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் மறுபடி ஆயிரம் ரூபாய் தேடுகிறார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவருக்கு அது இரண்டு நாள் கூலி.

இதை நீங்கள் மாற்ற முடியும், பெரிய செலவும் இல்லை. மூடியின் அடிப்புறத்தில் வாஷரின் அளவை மோல்டிலேயே பொறித்துவிடுங்கள். உள்விட்டம், தடிமன், ஒரு குறியீடு, அவ்வளவு போதும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு புது அளவு கண்டுபிடிக்காமல், மூன்று நான்கு அளவுகளுக்குள் எல்லா மூடிகளையும் அடக்கப் பாருங்கள். பெட்டிக்குள் ஒரு வாஷரை உபரியாக வையுங்கள். உங்கள் மேலாளர் ‘அப்புறம் புது பிளாஸ்க் யார் வாங்குவார்?’ என்று கேட்டால், குக்கர் கம்பெனிகள் கேஸ்கட் விற்றதால் ஒன்றும் மூடிப்போகவில்லை என்று சொல்லுங்கள்.

கசிந்து திரும்பி வந்த மூடிகளை எனக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் கழுவாமல் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டரில் சோப்புப் போட்டுத் துடைத்துப் பளபளவென்று அனுப்பினால் எனக்கு ஒன்றும் தெரியாது. டீ வெளியே வந்த பாதையில் பழுப்பாக ஒரு கோடு காய்ந்திருக்கும். அந்தக் கோடு லிப்பில் தொடங்குகிறதா, பிசிறில் தொடங்குகிறதா, வெல்டில் தொடங்குகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மூடியோடு பிளாஸ்க்கையும் சேர்த்து அனுப்புங்கள், கழுத்தை அளக்க வேண்டும். வாங்கி எத்தனை மாசம் ஆயிற்று, என்ன ஊற்றுவார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். பார்த்துவிட்டு உங்கள் டிராயிங்கிலேயே சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து, உங்கள் மூடிகளுக்கு வாஷர் அடிக்கிறவன்